நூத்திப் பத்துக்குள்ள

வாங்க மேடம், உள்ள வாங்க. கதவு தெறந்துதான் இருக்குது. சென்னியப்பன் நாந்தானுங்க. அந்த நாற்காலியில துணி கெடக்கும், எடுத்துக் கட்டில்ல போட்டுட்டு உக்காருங்க. எந்திரிச்சு வரலைன்னு தப்பா நெனச்சுக்காதீங்க. இந்தச் சைக்கிளை விட்டு இப்ப எறங்க முடியாது. இன்னொரு பத்து நிமிஷம் மிதிச்சாகோணும். நிறுத்துனா நம்பர் விழுந்துரும், வேகமா மிதிச்சா நூத்திப் பத்தைத் தாண்டிரும். ரெண்டுல எது நடந்தாலும் பெங்களூர்ல இருந்து எம் பொண்ணு போன் பண்ணிருவா. ஏன்னு சொல்றேன், இருங்க.

காப்பி குடிக்கறீங்களா? எங்கூட்டுக்காரி வெளிய போயிருக்கறா. இப்ப வந்துருவா, வந்ததும் போடச் சொல்றேன்.

மார்க்கெட்டுக்குப் போற வழிங்களா? நல்லதுங்க. ஏழு மணிக்குள்ள போனாத்தான் பிடிக்க முடியும். எட்டு மணிக்குப் போனா எல்லாத் தராசும் யோக்கியமாயிரும். முப்பத்திரண்டு வருஷம் நானும் இந்த ஈரோட்டுல அதே சோலிதானே பாத்தேன். அப்ப எங்களுக்கு முத்திரை ஆய்வாளர்னு பேரு. கடை கடையா ஏறித் தராசு சோதிக்கறது, கல்லுக்கு முத்திரை குத்தறது.

விழாவா? எனக்குங்களா? சந்தோஷமுங்க. பொன்னாடை எல்லாம் எதுக்குங்க. சரி, உங்க இஷ்டம். நேர்மையைப் பத்திப் பத்து நிமிஷம் பேசோணுமா? பேசலாமுங்க, அதுக்கென்ன. இந்த ஜில்லாவுல அதைப் பத்திப் பேச என்னை விட்டா ஆரு இருக்கறா, அதை நானே சொல்லக் கூடாது.

சிரிக்கறீங்க. இந்த ரோஸ் கலர் வாரைப் பாத்துத்தானே? வாட்ச் என்னுது இல்லீங்க. அதுக்கும் வர்றேன். மொதல்ல நம்பரைப் பாத்துக்கறேன். நூத்தி நாலு. சரியா இருக்குது.

அந்தக் காலத்துத் தராசு உங்களுக்குப் பழக்கம் இருக்காது. ரெண்டு தட்டு, நடுவுல முள்ளு. சாமான் போடற தட்டுக்கு அடியில ஒரு நெல்லிக்காய் அளவு புளியை ஒட்டி வெச்சிருவாங்க. ஆருக்கும் தெரியாது. கிலோவுக்கு இருவது கிராம் கடைக்காரன் பக்கம் போயிரும். நான் கடைக்குள்ள போனா வணக்கம்கூடச் சொல்ல மாட்டேன், நேராத் தட்டைத் திருப்பித்தான் பாப்பேன். முப்பத்திரண்டு வருஷத்துல எவன் கடையிலயும் ஒரு டீ குடிச்சதில்லை. எம் பொண்ணு சுகந்தி சின்னதா இருக்கறப்ப, பொழுதோட நான் வீட்டுக்கு வந்தா முட்டாய் கேக்க மாட்டா. "இன்னிக்குப் புளி கெடைச்சுதாப்பா?"ன்னு கேப்பா. கெடைச்சுதுன்னு சொன்னாத் துள்ளிக் குதிப்பா. அப்படி வளத்தின புள்ளைங்க அது.

போன ஆடியில எனக்கு நெஞ்சு வலி வந்துச்சு. அடைப்பு ஒண்ணு, ஸ்டென்ட் வெச்சாங்க. அதுக்கு முந்தி நான் எப்படி இருந்தேன் தெரியுங்களா? காலங்காத்தால அஞ்சே முக்காலுக்குச் சைக்கிளை எடுத்தா, காலிங்கராயன் வாய்க்கா மேட்டுல போயிட்டே இருப்பேன். கூட ராக்கியண்ணன்னு ஒருத்தரு. மளிகைக் கடை வெச்சிருந்தவரு. ஒருக்கா அவரு தராசுலயே புளி பிடிச்சிருக்கறேன். அபராதம் கட்டினாரு. இப்ப ரெண்டு பேரும் ஒண்ணா சைக்கிள் ஓட்டறோம். மனுசன் தங்கமான மனுசன், தராசுதான் அப்படி.

ஸ்டென்ட் வெச்ச பொறகு மூணு மாசம் நடை மட்டும். தீவாளிக்கு டாக்டர் பாத்துட்டு, இனி உடற்பயிற்சி பண்ணலாம், ஆனா இதயத் துடிப்பு நிமிஷத்துக்கு நூத்தி இருபதைத் தாண்டக் கூடாதுன்னு சொல்லிட்டாரு. சுகந்தி சும்மா இருப்பாளா? ஒரு வாட்ச் வாங்கி அனுப்பிச்சா, கூடவே இந்தச் சைக்கிளு. வீட்டுக்குள்ள மிதிக்கறது. வாட்ச்சு கையில, போனு பக்கத்துல. என்ர நம்பர் அப்படியே அவ போனுக்குப் போயிரும். நூத்தி இருபதைத் தாண்டுனா அங்க மணி அடிக்கும். நான் ஊரெல்லாம் சோதனை போட்டேன், எம் பொண்ணு எனக்குச் சோதனை போடறா.

நான் என்ன பண்ணுனேன், வந்த கருவியை மொதல்ல சோதிக்கோணுமில்ல. மூணு நாளு, தினம் அரை மணி நேரம். மொத நாளு நம்ம காலனி ரோட்டுல மெதுவா ஓடுனேன். ரெண்டாவது நாளு வாய்க்கா மேட்டுல சைக்கிளு. மூணாவது நாளு இந்த ரூமுக்குள்ள இந்தச் சைக்கிளு. மூணுலயும் ஒரே மாதிரிதான் மூச்சு வாங்குச்சு, ஒரே மாதிரிதான் வேர்த்துச்சு. நம்பர் எப்படி வந்துச்சு தெரியுங்களா? ஓட்டம், நூத்தி முப்பத்தெட்டு. வெளிய சைக்கிளு, நூத்தி இருபத்தி நாலு. உள்ள சைக்கிளு, நூத்திப் பன்னண்டு. ஓட ஆரம்பிச்சு எட்டாவது நிமிஷத்துலயே சுகந்தி போன் பண்ணிட்டா, அது வேற.

நீங்களே சொல்லுங்க. ஒரே அரிசி, மூணு கடையில மூணு எடை காட்டுனா நீங்க என்ன நெனைப்பீங்க? எவனோ திருடறான்னுதானே. நானும் அப்படித்தான் நெனச்சேன். வாட்ச்சைக் கழட்டித் திருப்பித் திருப்பிப் பாத்தேன். அடியில பச்சையா ஒரு வெளிச்சம், அவ்வளவுதான்.

டாக்டர்கிட்டப் போய்க் கேட்டேன். பொறுமையான மனுசன், உக்கார வெச்சுச் சொன்னாரு. ஓடறப்ப உங்க எழுபத்தெட்டு கிலோவையும் நீங்களே தூக்கித் தூக்கிப் போடறீங்க, அதனால துடிப்பு எச்சு. சைக்கிள்ல உங்களைச் சீட்டுச் சொமக்குது, அதனால கம்மி. வெளிய போனா எதுத்த காத்து, மேடு, லாரிக்காரன், அதனால கொஞ்சம் ஏறும். ரூமுக்குள்ள அதெல்லாம் இல்ல, ஆனா காத்தும் இல்லாததால உடம்பு சூடாகும், அதை ஆத்தறதுக்கு இதயம் சேத்தி அடிக்கும், ஃபேனைப் போட்டுக்குங்கன்னாரு. எடைக் கணக்காச் சொன்னாரு, எனக்குப் புரிஞ்சுது. கடைசியா ஒண்ணு சொன்னாரு பாருங்க. "மனசும் அதுல சேருமுங்க. பயம், வெசனம் எல்லாமும் நம்பர்ல ஏறும்"னாரு. வெசனத்துக்கு எடைக்கல் இல்லீங்க டாக்டர், அதை எப்படிக் கணக்குல எடுக்கறதுன்னு கேட்டேன். சிரிச்சுட்டு அடுத்த ஆளைக் கூப்புட்டாரு.

அப்ப எனக்கு ஒரு ரோசனை வந்துச்சு. மஞ்சள் மண்டியில மூட்டை எடை போடறப்ப சாக்கு எடையைக் கழிக்கறமில்ல? மொத்த எடை வேற, நிகர எடை வேற. அதே கணக்குதான். வெளிய சைக்கிள்ல நூத்தி இருபத்தி நாலு காட்டுதா? அதுல எதுத்த காத்துக்கு ஆறு கழிங்க. குண்டுங்குழிக்கு மூணு. கருங்கல்பாளையத்துல ஒரு நாய் தொரத்தும், அதுக்கு மூணு. போக நிகரம் நூத்திப் பன்னண்டு. அப்ப நான் வெளிய போலாம். இதைத் தாள்ல தெளிவா எழுதி, கையெழுத்துப் போட்டு, படம் புடிச்சுச் சுகந்திக்கு அனுப்பிச்சேன். அவ என்ன பதில் போட்டா தெரியுங்களா? "அப்பா, இதயத்துக்குச் சாக்கு கெடையாது. உள்ளயே மிதிங்க."

ஒரு வாரம் மிதிச்சேனுங்க. எதுக்க இந்த அலமாரி. அலமாரி மேல அந்தக் காலண்டர். எத்தனை கிலோமீட்டர் மிதிச்சாலும் அலமாரிதான். கோவம் கோவமா வந்துச்சு. சோறு எறங்கல. ராக்கியண்ணன் பாக்க வந்தாரு. எல்லாத்தையும் கேட்டுட்டு, "தராசு சரியாத்தானுங்க இருக்குது, தட்டுல இருக்கற சாமானை மாத்திருங்க"ன்னாரு. பழைய மளிகைக்காரரு பாருங்க. நான் ஒத்துக்கல. நான் ஆரு? நான் அந்த மாதிரி எல்லாம் பண்ணுவேனா?

அடுத்த நாளு எங்கூட்டுக்காரி துளசிமணி அவளாவே சொன்னா. "அந்த வாட்ச்சைக் குடுங்க, நான் கட்டிட்டு மிதிக்கறேன், நீங்க போயிட்டு வாங்க. மூஞ்சியை இப்படித் தூக்கி வெச்சுட்டிருந்தா ஆரு பாக்கறது"ன்னா. அவளாத்தான் சொன்னா, நல்லாக் கேட்டுக்கோங்க. நான் முந்தின நாள் ராத்திரி, நீ மிதிச்சா எவ்வளவு காட்டும்னு ஒரு வார்த்தை கேட்டேன், அவ்வளவுதான்.

இது ஏமாத்துன்னு நெனைக்காதீங்க மேடம். ஏமாத்துன்னா ஆருக்காவது நட்டம் வரோணும். இதுல ஆருக்கு நட்டம்? சுகந்திக்கு நிம்மதி. எனக்குக் காத்து. துளசிக்கும் நல்லதுதானே, உக்காந்த எடத்துல உடற்பயிற்சி.

மணி என்னங்க? ஆறு நாப்பதா? இப்ப வந்துருவா. நம்பர் நூத்தி அஞ்சு. சரி.

அப்படி நாலு மாசம் ஓடுச்சு. நான் காலையில அஞ்சே முக்காலுக்கு வெளிய. போனை இங்கயே வெச்சுட்டுப் போயிருவேன், வாட்ச்சுக்குப் பக்கத்துல போன் இருந்தாத்தான் சுகந்திக்கு நம்பர் போகும். துளசி இதுல ஏறி மிதிப்பா. நான் திரும்பி வர்ற வரைக்கும் மிதிக்கோணும்னு சொல்லியிருந்தேன். நடுவுல எறங்கிட்டா அப்பா ஏன் இன்னிக்குச் சீக்கிரம் நிறுத்திட்டாருன்னு அங்கிருந்து கேள்வி வரும்.

ஆனா அவ மிதிக்கறதுல ஒரு ஒழுங்கு இல்லீங்க. ஒரு நாளைக்கு நூத்தி நாலு, நூத்தி ஆறு. அருமையா இருக்கும். திடீர்னு ஒரு நாளு நூத்தி இருபத்தி மூணு, நூத்தி இருபத்தி அஞ்சு. அதே சைக்கிளு, அதே ரூமு, அதே பொம்பளை. நான் வந்து கத்துவேன். "நூத்தி இருபதுக்கு மேல போகாதேன்னு எத்தனை தடவை சொல்றது? சுகந்தி பயந்துக்க மாட்டாளா?"ன்னு. மணி அடிச்சுச் சுகந்தி போன் பண்ணுனப்ப, ஃபேன் நின்னு போச்சு, அதுல ஏறிருச்சுன்னு அவளே சமாளிச்சிருப்பா. முந்தானையில மூஞ்சியைத் தொடச்சுட்டு அடுப்படிக்குப் போயிருவா. சரி, கருவியில குத்தம் இருக்கும்னு எண்ணெய் விட்டேன். மிதிக்கறதுக்கு முந்தி காப்பி வேண்டாம்னேன். ஃபேனை மூணாம் நம்பர்ல வெச்சேன். அப்பறமும் அப்படித்தான். நாலு நாளு சரியா இருக்கும், அஞ்சாவது நாளு ஏறிக்கும்.

அந்தா, அலமாரியில நீல அட்டை போட்ட நோட்டு இருக்குது பாருங்க. எடுங்க, பரவாயில்ல. முத்திரைப் பதிவேடு மாதிரியே கோடு போட்டு வெச்சிருக்கறேன். இடது பக்கம் துளசி நம்பரு, அன்னிக்கு எச்சா எவ்வளவு போச்சுன்னு. வலது பக்கம் நான் போன தூரமும் வீட்டுக்கு வந்த நேரமும். ஒரு நாள் விட்டிருக்க மாட்டேன். விழாவுல வேணும்னா இதைக் காட்டலாமுங்க, பதிவேடு எப்படி வெக்கோணும்னு புதுசா வந்த பசங்களுக்குத் தெரியட்டும். மடியிலயே வெச்சிருங்க, அப்பறம் பாக்கலாம்.

மார்ச் மாசம் மொத வாரம். நான் வந்து சைக்கிளை நிறுத்தறேன், உள்ள போன் அடிக்குது. சுகந்தி. அழுகறா. "அப்பா, உங்க துடிப்பு தாறுமாறா இருக்குதுன்னு வாட்ச் சொல்லுது. வேகம் இல்ல, ஒழுங்கே இல்லையாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க"ன்னா. எனக்கு ஒண்ணும் இல்லைன்னா கேக்க மாட்டேங்கறா. சரீன்னு துளசியையும் கூட்டிட்டு ஆட்டோவுல போனேன். ஈசிஜி எடுத்தாங்க. டாக்டர் பாத்துட்டு, உங்களுக்கு ஒரு குறையும் இல்லீங்க, ஸ்டென்ட் வெச்ச ஆளு மாதிரியே இல்லைன்னாரு.

எனக்கு எவ்வளவு பெருமை. படுத்த வாக்குலயே டாக்டருக்குச் சொன்னேன், பாத்தீங்களா, மொதல் நாளே நான் சொன்னேன் இந்தக் கருவி மோசம்னு, முத்திரை இல்லாத கருவியை நம்பக் கூடாதுன்னு. அரை மணி நேரம் சொல்லியிருப்பேன். துளசி கால்மாட்டுல பையை வெச்சுட்டு நின்னுட்டிருந்தா. நான் பேசி முடிக்கற வரைக்கும் நின்னா. அப்பறம் மெதுவா, "டாக்டர், காலையில அந்த வாட்ச்சு என் கையில இருந்துச்சுங்க"ன்னா.

அவளைப் படுக்க வெச்சு எடுத்தா, அதுல தெரிஞ்சுது. இதயம் தாளம் தப்பி அடிக்குதாம். கொஞ்ச நாளா மூச்சு வாங்குச்சாம்மான்னு டாக்டர் கேட்டதுக்கு, "ஆமாங்க, மாடிப்படி ஏறுனா வாங்கும்"னா. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை பாருங்க. நான் என்ன சோதிடனா?

இதுல நீங்க ஒண்ணைக் கவனிக்கோணும். நான் வாட்ச்சை அவ கையில கட்டியிருக்கலீன்னா அவ சீக்கு தெரிஞ்சிருக்குமா? தெரிஞ்சிருக்காது. அப்ப கண்டுபுடிச்சது ஆரு? சுகந்திக்குப் போன் பண்ணி, "நான் நல்லாத்தான் இருக்கறேன் கண்ணு, வந்ததோட வந்ததா அம்மாவுக்கும் ஒருக்காப் பாத்தரலாம்னு நாந்தான் சொன்னேன், அதுல தெரிஞ்சுது"ன்னு சொன்னேன். "அப்பா, நீங்க இல்லீன்னா அம்மா என்னாகியிருப்பா"ன்னு மறுபடியும் அழுதா. நான் அப்படியே விட்டுட்டேன். புள்ளை சந்தோஷப்படறப்ப அதைக் கெடுப்பானேன்.

நூத்தி எட்டு. பேச்சுல ஏறுது. கொஞ்சம் இருங்க. மிதியைக் கெட்டிப் பண்ற திருகாணியை ஒரு சுத்துத் தளத்தி விடறேன்.

ம். துளசிக்கு மாத்திரை குடுத்தாங்க. ரத்தம் உறையாம இருக்கறதுக்கு ஒரு மாத்திரை, தாளத்துக்கு ஒரு மாத்திரை. டாக்டர் கண்டிப்பாச் சொல்லிட்டாரு. வீட்டுக்குள்ள மெதுவா மிதிக்கலாம், நூத்திப் பத்துக்குள்ள. வெளிய சைக்கிள் வேண்டாம். இந்த மாத்திரை சாப்புடறவங்க கீழ விழுந்து அடிபட்டா ரத்தம் சீக்கிரம் நிக்காதுன்னாரு. சுகந்தி உடனே அம்மாவுக்கும் ஒரு வாட்ச் அனுப்பிச்சா. ரோஸ் வாரு. இதுதானுங்க அது. இதுவும் அவ போனுக்குத்தான் போகுது, நூத்திப் பத்துல மணி அடிக்கும்.

ஒரு மாசம் ஒழுங்கா மிதிச்சா. போன வாரம் காலையில மிதிச்சுட்டே இருந்தவ நிறுத்திட்டா. "ஏனுங்க, நாலு மாசம் உங்களுக்கு, ஒரு மாசம் எனக்கு. மிதிச்ச தூரத்தைச் சேத்துனா மெட்ராஸ் போய்ட்டுத் திரும்பியிருக்கலாம். இந்த அலமாரியைத் தவர ஒண்ணும் பாக்கல. எனக்கு வாய்க்கா மேட்டுல ஒருக்காப் போகோணும்"னா. அவ பொறந்த ஊரு கோபிங்க. சின்னப் புள்ளையில பள்ளிக்கூடத்துக்கு ஏழு மைல் சைக்கிள்ல போனவளாம். எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்துல அவ சைக்கிள்ல ஏறி நான் பாத்ததில்லை.

முடியாதுன்னு சொன்னேன். டாக்டர் சொன்னதை எல்லாம் எடுத்துச் சொன்னேன், சத்தம் போட்டேன். அவ சத்தமே போடல. "நீங்க போறப்ப நான் கேட்டனா?"ன்னு மட்டும் கேட்டா.

கேட்டுட்டு, பக்கத்து வீட்டுல போய்ச் சைக்கிள் எரவல் கேட்டுட்டு வந்துட்டா.

ஆமாங்க. அவ அங்கதான் போயிருக்கறா. இன்னிக்கு நாலாவது நாளு. பக்கத்து வீட்டு லேடீஸ் சைக்கிளு. ஆறு மணிக்குப் போனா, ஆறே முக்காலுக்குள்ள வந்துரோணும்னு பேச்சு. நான் அவ வாட்ச்சைக் கட்டிட்டு அவ நம்பரை ஓட்டிட்டிருக்கறேன். எம் பொண்ணு அங்க அம்மா மிதிக்கறான்னு பாத்துட்டு வேலைக்குக் கெளம்பிட்டிருப்பா. என்ர வாட்ச்சு சார்ஜ்ல கெடக்குது.

மணி என்ன? ஏழு அஞ்சா? உங்க கடிகாரம் வேகமா ஓடுதுங்களா? சரியாத்தான் இருக்குமா? மூணு நாளும் ஆறு நாப்பதுக்கெல்லாம் வந்துட்டா. நேத்து ஒரு கொத்துக் கீரைகூட வாங்கிட்டு வந்தா, கன்னமெல்லாம் செவந்து கெடந்துச்சு.

போன் பண்ணலாமுங்களான்னு கேக்கறீங்க. அவ போனு அந்தா, அலமாரி மேல. இதுக்குப் பக்கத்துல இருக்கோணுமில்ல. கையில ஒண்ணும் இல்ல அவளுக்கு. மாத்திரைச் சீட்டுகூட வீட்டுலதான் இருக்குது. எங்கயாச்சும் விழுந்து கெடந்தா எடுக்கற ஆளுக்கு என்ன மாத்திரை சாப்புடறான்னுகூடத் தெரியாது. அந்தக் கருங்கல்பாளையத்து நாய் வேற. பொம்பளையைத் தொரத்துமா அது? தெரியலீங்களே.

நூத்திப் பதினாலு. தாண்டிருச்சு. நான் மெதுவாத்தானே மிதிக்கறேன், நீங்க பாத்துட்டுத்தானே இருக்கறீங்க. நிறுத்தறேன். இந்தா, நிறுத்திட்டேன். காலைத் தரையில ஊனிட்டேன்.

நூத்திப் பதினெட்டு.

நிறுத்துன பொறகு எப்படிங்க ஏறும்? ஃபேன் ஓடுதில்ல? காப்பி குடிக்கல, எதுத்த காத்து இல்ல, மேடு இல்ல. நாற்காலியில உக்காந்த மாதிரி உக்காந்திருக்கறேன். நூத்தி இருபத்தி ரெண்டு. ஓடுனா ஒரு நம்பர், வெளிய ஒரு நம்பர், உள்ள ஒரு நம்பர்னு டாக்டர் சொன்னாரு, சும்மா உக்காந்திருந்தா இவ்வளவுன்னு சொல்லவே இல்லையே.

மேடம், அந்த நோட்டைத் தெறங்க. டிசம்பர் மாசம். துளசி பக்கத்துல நூத்தி இருபதுக்கு மேல இருக்கற ஒரு நாளைப் பாருங்க. ஒம்பதாந் தேதியா? நூத்தி இருபத்தி மூணு. சரி. அதே தேதிக்கு வலது பக்கம் பாருங்க. நான் வந்த நேரம் என்ன போட்டிருக்குது? ஏழு இருபது. ஆமா, அன்னிக்குப் பஞ்சர்.

இன்னொண்ணு பாருங்க. ஜனவரி. இருபத்தியொண்ணு, நூத்தி இருபத்தி அஞ்சு. வலது பக்கம்? ஏழே முக்கால். அன்னிக்கு ராக்கியண்ணன் டீக்கடையில மகன் கல்யாணப் பேச்சை எடுத்தாரு, உக்காந்துட்டோம். நூத்தி நாலு இருக்கற நாளுல என்ன நேரம்? ஆறரை. அடுத்தது? ஆறரை. இன்னொண்ணு? ஆறு முப்பத்தஞ்சு. போதுங்க. மூடிருங்க.

ஸ்டென்ட் வெச்சு நாலு மாசம்கூட ஆகாத மனுசன், இருட்டோட வெளிய போறான், கையில போன் இல்ல. அவ இதும்மேல உக்காந்துட்டு இந்த அலமாரியைப் பாத்துட்டிருந்திருக்கறா. நான் வந்து, ஏன் நம்பர் ஏறுச்சுன்னு கத்தியிருக்கறேன். சைக்கிளுக்கு எண்ணெய் விட்டிருக்கறேன் மேடம். ரெண்டு பத்தியையும் என் கையாலயே, பக்கத்துல பக்கத்துல எழுதிட்டு, ஒரு நாளு சேத்துப் பாக்கலை. முப்பத்திரண்டு வருஷம் நான் என்ன சோதனை போட்டேன்னே தெரியலீங்க.

நூத்தி இருபத்தெட்டு.

நீங்க வண்டியிலதானே வந்தீங்க? ஒரு ஒத்தாசை பண்ணுங்க. வாய்க்கா மேட்டு ரோட்டுல, பாலம் வரைக்கும்...

இருங்க. வாசல் கேட்டுச் சத்தம். நம்ம கேட்டா பக்கத்து வீடா?

வந்துட்டா. சைக்கிளைத் தள்ளிட்டு வர்றா. செயின் கழண்டிருச்சா? கை பூராக் கருப்பு. நீயேவா மாட்டுன? அடி கிடி படலியே? கையைக் காட்டு. காலைக் காட்டு. சரி, சரி, உள்ள வா. இவங்க ஆபீஸ்ல இருந்து வந்திருக்கறாங்க. இல்ல, காப்பி அப்பறம் போடலாம், மொதல்ல உக்காரு.

பாருங்க மேடம், நூத்தி ஒம்பது. நூத்தி ரெண்டு. நான் ஒண்ணுமே பண்ணலீங்க, அதுவா எறங்குது.

என்னைப் பாத்து என்ன கேட்டா, காதுல விழுந்துதுங்களா? "இப்பத் தெரியுதா"ங்கறா. கோவமாக்கூடக் கேக்கல பாருங்க.

போன் அடிக்குது. சுகந்திதான், அவளைத் தவர இந்த நேரத்துக்கு ஆரு? துளசி, நீ எடுக்காத. எனக்குத் தெரியும் நீ என்ன சொல்லுவேன்னு. ஃபேன் நின்னு போச்சு, அதுல ஏறிருச்சுன்னு சொல்லி என்னைக் காப்பாத்திருவ. இங்க குடு.

மேடம், நீங்க மார்க்கெட்டுக்குக் கெளம்புங்க, நேரமாச்சு. அந்த விழாவுக்கு வேற ஆரையாச்சும் பாருங்க. ராக்கியண்ணன் வேணும்னா வருவாரு, அவரு அபராதம் கட்டுன ஆளு.

ஹலோ, சுகந்தி. நாந்தான். அம்மா நல்லாத்தான் இருக்கறா, பக்கத்துலதான் நிக்கறா. அழுகாத, கேளு. அம்மா நம்பர் இல்ல அது. இல்ல கண்ணு, வாட்ச்சு சரியாத்தான் இருக்குது, ஆரம்பத்துல இருந்தே சரியாத்தான் இருந்துச்சு. ஒரு விஷயம் சொல்லோணும். உக்காந்துட்டயா? இன்னிக்குப் புளி கெடைச்சுது கண்ணு. நம்ம வீட்டுலயே.